மீட்டரில் எழுந்தருளிய பெருமாள்

ஒரு ஸ்கூட்டி சாவி பெருமாளின் திருமார்பில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு ஊசலாடியதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு தெரு. தெருவின் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகப் புரியும். அங்கே ஒரு வீட்டு ரேழியில், அதாவது வாசற்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குறுகலான நடையில், என் ஆட்கள் புதிதாக மாட்டியிருந்த கரண்ட் மீட்டர். மீட்டரின் நெற்றியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெருமாள் படம். மின்வாரிய ஏ.இ. மேடம் கையிலிருந்த சாவியை அதன் கிட்டே கொண்டுபோனார். சாவி விரலை விட்டுத் துள்ளி, டக்கென்று பெருமாள்மேல் போய் உட்கார்ந்தது. வீட்டுக்கார மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவது எனக்குப் பழகாத வேலை. ஜீயபுரம் பக்கம் வாழைக் கொல்லையில் தார் சுமந்த குடும்பம் எங்களுடையது. ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. திருச்சிக்கு வந்து ஒரு ஒயரிங் மேஸ்திரிக்கு ஏணி தூக்கினேன். ஏணி தூக்கியவன் ஏணியில் ஏறினான். ஏறியவன் லைசென்ஸ் எடுத்தான். இன்றைக்கு என் பெயரில் போர்டு இருக்கிறது, என்னை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள், தில்லைநகரில் மாடி வீடு இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் மலைக்கோட்டைமேல் நின்று கீழே பாருங்கள். அதில் என் ஒயரில் எரிகிற விளக்கு எத்தனை என்று எண்ண உங்களுக்குப் பொறுமை இருக்காது. யாருக்கும் லேசில் அசருகிற ஆள் இல்லை நான். எத்தனையோ பொறியாளர்கள் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவர்களில் பாதிப் பேரின் முகம்கூட நினைவில் இல்லை. இந்த மேடத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

உதவிப் பொறியாளர் என்று அவர் அறை வாசலில் எழுதியிருக்கும். நாங்கள் ஏ.இ. மேடம் என்போம். அப்பா பெரிய தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். திருவெறும்பூர்ப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண். சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, நேரத்துக்கு ஒரு மரியாதை வைத்திருந்தார். தினம் அங்கிருந்து ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வருவார். எங்கள் தொழிலில் போன் வந்தால் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டு இருப்பவனும் "வந்துட்டே இருக்கேன், பாலத்துல இருக்கேன்" என்பான். நானும் அப்படித்தான். அந்தப் பாலத்தில் நான் நின்றதாகச் சொன்ன நேரத்தையெல்லாம் கூட்டினால் பாலம் தாங்காது. மேடம் மட்டும், "இன்னும் கிளம்பலைங்க ஐயா, தலை காயணும்" என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி உண்மை பேசினால் இந்த வேலையில் எத்தனை நாள் ஓட்டுவார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்மார்ட் மீட்டர் வந்தது. பழைய மீட்டரில் ஒரு சக்கரம் சுற்றும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறவர் வந்து எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். புது மீட்டருக்கு ஆள் வர வேண்டாம். உள்ளே செல்போனில் இருக்கிற மாதிரி ஒரு சிம் இருக்கிறது. எவ்வளவு கரண்ட் ஓடியது, எப்போது ஓடியது, யாராவது மீட்டரில் கை வைத்தார்களா, எல்லாவற்றையும் அதுவே ஆபீஸுக்குச் சொல்லிவிடும். முதலில் ஒரு தெருவில் மாட்டி வெள்ளோட்டம் பார்க்க வேண்டும் என்றார்கள். கடைத்தெருவில் மாட்டலாம், புது நகர்ப் பக்கம் மாட்டலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேடம் ஸ்ரீரங்கத்தில் இந்தத் தெருவைக் கேட்டு வாங்கினார். "மேடம், அது கேள்வி கேக்குற தெரு. ரிட்டயர்டு ஆளுங்க, பேங்க், ஆடிட்டர், வாத்தியார். ஒரு பல்பு மாத்தினாலே ஒம்பது கேள்வி வரும்" என்றேன். "அதனாலதாங்க ஐயா. இவங்க கேள்விக்குப் பதில் சொல்லிட்டா அப்புறம் ஊர்ல யாருக்கு வேணும்னாலும் சொல்லிடலாம்" என்றார்.

கேள்வி வந்தது. மாமா வீட்டு வாசலில் தெருவே கூடியது. இந்த மாமா பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும், குரலும் அப்படியே. தெருவில் அவர் தலையாட்டினால் எல்லா வீடும் தலையாட்டும். கோயில் உற்சவத்துக்குத் தோரணம் கட்டுவதிலிருந்து கொசு மருந்து அடிப்பது வரைக்கும் ஒரு வீட்டில் செய்தால் எல்லா வீட்டிலும் செய்வார்கள், இல்லாவிட்டால் எவர் வீட்டிலும் இல்லை. அப்படி ஒரு கட்டு. நாங்கள் குளிக்கிறது தூங்குகிறது எல்லாம் ஆபீஸில் தெரியுமாமே என்று ஒருவர் கேட்டார். கரண்ட் ஓடினது தெரியும், குளித்தது தெரியாது என்றார் மேடம். மாமாவின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மகன் அமெரிக்காவில். மேடம் அவரைப் பார்த்து, "நீங்க காலையில மோட்டார் போட்டதுமே உங்க பையன் அங்கேருந்து போன்ல பாத்துக்கலாம்மா. அம்மா எழுந்தாச்சு, நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சுடும்" என்றார்.

"அப்புறம் எதுக்கு அவன் எனக்குப் போன் பண்ணப் போறான்? இப்பவே ஞாயித்துக்கிழமைதான் பண்றான். இந்த மீட்டர் வேண்டவே வேண்டாம்" என்றார் மாமி. தெரு சிரித்தது. மேடமும் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார், பேச்சு நின்றது. "மேடம், நான் முப்பது வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவன். மெஷின் தப்புப் பண்ணாதுன்னு சொல்லாதீங்கோ, நான் நம்ப மாட்டேன். இங்க இருக்கறவா எல்லாம் ஒரு சொல்லு தாங்காதவா. நாளைக்கு ஏதோ ஒரு கோளாறுல உங்க மெஷின் எங்களைக் கரண்ட் திருடன்னு சொல்லித்துன்னா என்ன பண்ணுவேள்?"

மேடம் ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்தபடி நின்றார். நான் அவராக இருந்தால் 'அதெல்லாம் சொல்லாதுங்க சாமி' என்று அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அவர் யோசித்தார். "சொன்னாலும் சொல்லும் சார். அப்படிச் சொன்னா முதல்ல நானே வந்து உங்க வாசல்ல நிப்பேன். என்ன ஏதுன்னு பாக்காம யாரையும் இந்தத் தெருவுல அந்த வார்த்தையைச் சொல்ல விட மாட்டேன்" என்றார். மாமா ஒரு விரலை நீட்டினார். "இது வாக்கு" என்றார். "வாக்குதான் சார்" என்றார் மேடம். தெரு தலையாட்டிவிட்டது.

மீட்டர் மாட்டினோம். சொல்லப்போனால் அந்தத் தெருவில் மாட்டின மாதிரி அழகாக வேறு எங்கும் மாட்டவில்லை. என் ஆட்களுக்குச் சட்டம் போட்டிருந்தேன்: ராகு காலம், எமகண்டத்தில் எந்த வீட்டு ஸ்க்ரூவிலும் கை வைக்கக் கூடாது, மடியாக இருக்கிறவர்கள் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும், ரேழியைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. மேடமும் வீடு வீடாக வந்தார். செருப்பை வாசலில் விட்டு ரேழியில் நின்றே விளக்கம் சொல்வார். காபி வந்தால் நின்றே குடிப்பார். யாரும் உட்காரச் சொன்னதும் இல்லை, அவர் எதிர்பார்த்ததும் இல்லை. நானும் அந்தத் தெரு வீடுகளில் பரண் வரைக்கும் ஏறி ஒயர் இழுத்தவன்தான். கூடத்தில் உட்கார்ந்தவன் இல்லை. அது அப்படித்தான், அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. மாட்டி முடித்த வீட்டிலெல்லாம் ஒன்று மட்டும் அழுத்தமாகச் சொன்னேன்: "ஆயுத பூஜை வருது. பழைய மீட்டர் மாதிரி இதுக்குச் சந்தனம் குங்குமம் ஈரமா வைக்காதீங்க. இது உள்ள கம்ப்யூட்டர் இருக்கு." நம் ஊரில் ஆயுத பூஜை அன்றைக்குப் பொட்டு வாங்காத மீட்டர் உண்டா? லாரி, தையல் மெஷின், அரிவாள்மணை, மீட்டர் பெட்டி எல்லாம் ஒரே வரிசைதானே.

நான் சொன்னதை அந்தத் தெரு அட்சரம் பிசகாமல் கேட்டது. பிரச்சினையே அதில்தான் பிறந்தது. ஈரம் கூடாது, சரி. ஆனால் பூஜை அன்றைக்கு மீட்டரை வெறும் நெற்றியோடு விட முடியுமா? மாமா யோசித்திருக்கிறார். கோயில் வாசல் கடையில் கார் முன்னால் வைக்கிற பெருமாள் படம் விற்கிறது, பின்னால் வட்டமாகக் காந்தம் வைத்தது. பள்ளத்தில் கார் குதித்தாலும் விழாத நல்ல பலமான காந்தமாகப் பார்த்து, தெருவில் வீட்டுக்கு ஒன்று என்று மொத்தமாக வாங்கிவிட்டார். மீட்டர் பிளாஸ்டிக் ஆயிற்றே, காந்தம் பிடிக்காது; அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பும் வாங்கினார். ஆயுத பூஜை அன்று நல்ல நேரம் பார்த்து எல்லா வீட்டு மீட்டரிலும் பெருமாள் எழுந்தருளிவிட்டார். இந்த மீட்டரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். கரண்ட் திருடுகிறவன் மீட்டரை ஓடவிடாமல் செய்யக் காந்தத்தைத்தான் வைப்பான். அதனால் காந்தம் கிட்டே வந்தால் உடனே 'திருட்டு' என்று ஆபீஸுக்குச் சொல்லும்படி இந்த மீட்டரைப் பழக்கியிருக்கிறார்கள்.

ஆயுத பூஜை, விஜயதசமி என்று ஆபீஸ் மூடியிருந்தது. திறந்த நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு இருந்தேன், மேடம் போன். "ஐயா, உடனே நம்ம தெருவுக்கு வாங்க." குரலில் சிரிப்பு இல்லை. போனேன். தெருமுனையில் ஸ்கூட்டிமேல் சாய்ந்து நின்றவர் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். தெருவின் படம், வீட்டுக்கு ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. தெரு முழுக்கத் திருடர்கள் என்கிறது மெஷின். இதில் இன்னொரு சங்கடம்: மின் திருட்டைப் பிடிக்கிற ஸ்குவாடுக்கும் மெஷின் தானாகவே தகவல் அனுப்பிவிட்டது. அவர்கள் ஜீப் சாயங்காலம் வருகிறது. அந்த ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றாலே அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போக மாட்டார்கள். வெள்ளோட்டம் அதோடு போயிற்று. அதைவிட, மேடம் கொடுத்த வாக்கு போயிற்று. "நான் முதல்ல வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். வாங்க" என்றார்.

மாமா வீட்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "வாங்கோ வாங்கோ, நீங்க எப்ப வந்து பார்ப்பேள்னு காத்துண்டிருந்தேன். கான்ட்ராக்டரே, நீர் சொன்னபடி ஒரு சொட்டு ஈரம் படலை" என்று மீட்டரைக் காட்டினார். மேடம் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த சாவியை மெல்லக் கிட்டே கொண்டுபோனார். முதலில் சொன்னேனே, அது அப்போதுதான் நடந்தது. சாவி ஊசலாடி நின்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, மேடத்துக்கும் விளங்கிவிட்டது. அதனால்தான் அந்தச் சிரிப்பு. தெருவில் ஒருத்தரும் திருடர் இல்லை என்று தெரிந்த சந்தோஷம் அது. பாரம் இறக்கின ஆள் சிரிக்கிற சிரிப்பு.

எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும். மேடத்தை வாசலுக்கு நகர்த்திக் காதோடு சொன்னேன். "மேடம், ஜீப்பு வர்றதுக்குள்ள எல்லா வீட்டுலயும் படத்தை எடுத்துடுவோம். மீட்டர் சூடாகுதுன்னு எதையாவது சொல்லிக்கலாம். ஸ்குவாடு வந்தா மெஷின் கோளாறுன்னு முடிச்சுடலாம். இவங்களுக்கு விஷயமே தெரிய வேணாம்." நான் சொன்னதில் குற்றம் என்ன? நாற்பது வருஷமாக நான் எத்தனையோ சிக்கலை இப்படித்தான் ஆறப்போட்டிருக்கிறேன். மேடம் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "மெஷின் சரியாத்தானேங்க சொல்லியிருக்கு? காந்தம் இருக்கு, காந்தம்னு சொல்லுச்சு. அதைப் பொய்னு நானே சொன்னா நாளைக்கு அது சொல்ற எதை யார் நம்புவாங்க? படம் இருந்த இடத்துலயே இருக்கட்டும். ஸ்குவாடு ஆபீஸர் கண்ணால பாக்கட்டும். சார்கிட்ட நான் சொல்லிடுறேன்."

சொல்லிவிட்டார். ரேழியில் நின்று, மாமாவின் முகத்தைப் பார்த்து, ஒன்றையும் மறைக்காமல், மெஷின் என்ன சொன்னது, ஏன் சொன்னது, யார் வருகிறார்கள் என்று எல்லாவற்றையும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமாவின் முகம் கல்லாகிவிட்டது. "என்னை... திருடன்னு..." என்றார். "தெரு முழுக்க நான்தானே வாங்கிக் கொடுத்தேன். எல்லாரையும் நானே திருடனாக்கிட்டேனே." அவ்வளவு பெரிய குரல் உள்ளே போய்விட்டது. மேடம், "நான் வந்து நிக்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

கூடத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. "ஏன்னா, திருடன்னு அது உங்களையா சொல்லித்து?"

"பின்னே யாரை?"

"மீட்டர்ல ஒட்டிண்டு இருக்கறது நீங்களா? அவர்தானே. சின்ன வயசுல வெண்ணெய். இப்ப வெண்ணெய் விக்கிற விலைக்குக் கரண்டுக்கு மாறிட்டார் போலருக்கு. அவருக்கு இந்தப் பேர் புதுசா என்ன?"

மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டை உரக்கக் கூப்பிட்டு, "ஓய், உம்மாத்துல ஒளிஞ்சிண்டிருக்கறவன் யாருன்னு தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். சற்று நேரத்தில் சேதி தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. பயந்துகொண்டே போன சேதி இல்லை. சிரித்துக்கொண்டே போன சேதி. உண்மையைச் சொன்னதால் அல்லவா மாமிக்கு அந்த வார்த்தை வந்தது? என் வழியில் போயிருந்தால் படமும் போயிருக்கும், சிரிப்பும் போயிருக்கும். இதை நான் மேடத்திடம் சொன்னதில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

நாலு மணிக்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. ஸ்குவாடு ஆபீஸர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கட்டை மீசை, கையில் ஒரு பெரிய டார்ச். தெருவில் இத்தனை பேர் வாசலில் நின்று சிரித்த முகத்தோடு தம்மை வரவேற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேடம் விஷயத்தைச் சொன்னார். அவர் மீட்டரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. இதை எடுத்தா சிவப்பு மாறுதான்னு நான் பாக்கணும். பாத்தாத்தான் எழுத முடியும். எடுங்க" என்றார்.

"இப்ப முடியாது" என்றார் மாமா.

"ஏன்?"

"செவ்வாய்க்கிழமை. மூணுலேருந்து நாலரை ராகு காலம். பெருமாளை இடம் மாத்தி எழுந்தருளப் பண்ண மாட்டோம்."

"சார், நான் கவர்மெண்ட் டூட்டில வந்திருக்கேன்."

"அவரும் டூட்டிலதான் இருக்கார். நாலரைக்கு மேல நீங்க சொல்றபடி கேட்போம். அதுவரைக்கும் எங்காத்துக் காபி குடிங்கோ."

ஆபீஸர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். என் ஆட்களே ராகு காலத்தில் அந்தத் தெருவில் ஸ்க்ரூ முடுக்கவில்லை. ஸ்குவாடு மட்டும் முடுக்கிவிடுமா? வேறு வழியில்லாமல் மனுஷன் ஜீப்பில் சாய்ந்தார். காபி வந்தது. ஒரு வீட்டுக் காபி குடித்தால் அடுத்த வீட்டுக்காரர் விடுவாரா? அடுத்ததும் வந்தது. பூஜைப் பொரிகடலை வந்தது. ரேழி தாண்டி உள்ளே நெய் காய்கிற வாசனை வந்தது. பெருமாளை இடம் மாற்றுகிறபோது அவருக்கு வெறும் கையையா காட்டுவது என்று மாமி அக்காரவடிசில் ஏற்றிவிட்டார். குழைந்த அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யுமாக அந்த மணம் தெருவில் நின்றது. ஆபீஸர் மீசையைத் தடவிக்கொண்டே, "ஏம்மா, நான் எத்தனையோ ரெய்டு போயிருக்கேன். கதவைச் சாத்துவாங்க, நாயை அவுத்து விடுவாங்க. இப்படி ஒரு இடத்தைப் பாத்ததே இல்ல" என்றார்.

நாலரை ஆனது. மாமா வாசலில் வந்து நின்று ஒரு மணியை அடித்தார். அவ்வளவுதான், தெரு முழுக்க ஒவ்வொரு ரேழியிலும் கற்பூரம் எரிந்தது. மேடம் நடுத்தெருவில் டேப்லெட்டை ஏந்திக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் ஆபீஸர், ஒரு பக்கம் நான். முதலில் கிழக்கோரத்து வீட்டுப் புள்ளி பச்சையானது. அடுத்தது. அதற்கடுத்தது. மீட்டரை விட்டுப் பெருமாள் பூஜையறைக்குப் போகப் போக, வாழைக் கொல்லையில் மழைக்குப் பிறகு குருத்து விடுகிற மாதிரி பச்சை பரவிக்கொண்டே வந்தது. நான் எத்தனையோ கட்டடத்துக்கு முதல் ஸ்விட்ச் போட்டிருக்கிறேன். பளிச்சென்று விளக்கு எரிகிறபோது ஒரு சந்தோஷம் வரும். அன்றைக்கு வந்தது அதைப்போல பத்து மடங்கு. டேப்லெட்டை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பாகவே நின்றது. ஆபீஸர் குனிந்து பார்த்தார். "இது யாரு வீடு?"

மாமா வீடு. மணியடித்துத் தெருவையே நகர்த்தியவர் தம் வீட்டில் இன்னும் பாசுரம் சொல்லி முடிக்கவில்லை. ஒரு வரி குறைக்க மாட்டார். வாசலில் ஆபீஸர் நிற்கிறார், மேடம் நிற்கிறார், தெரு நிற்கிறது. உள்ளே பாசுரம் ஓடுகிறது. கடைசியில் மாமியின் குரல் கேட்டது: "ஏன்னா, பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார். அந்தப் பொண்ணு மத்தியானத்துலேருந்து நின்னுண்டிருக்கா." பாசுரம் நின்றது. புள்ளி பச்சையானது.

ஆபீஸர் பெருமூச்சு விட்டு நோட்டைத் திறந்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுத வேண்டியதை எழுத வேண்டுமே. "திருட்டு இல்லைன்னு எழுதிடுறேன். ஆனா காந்தம் வச்ச ஆள் யாருன்னு ஒரு பேர் போடணுமே. யாரைப் போட?"

மாமா உள்ளேயிருந்து வந்தார். கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "ஆசாமி உள்ளதான் எழுந்தருளியிருக்கார். சேவிச்சுட்டு நீங்களே கேட்டுக்கோங்கோ."

ஆபீஸர் டார்ச்சை ஜீப்பில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். டிரைவரும் போனார். மேடம் பழக்கப்படி ரேழியிலேயே நின்றார். மாமி வந்து அவர் கையைப் பிடித்தார். "நீ ஏன் இங்க நிக்கறே? உள்ள வா" என்றார். அதுவரைக்கும் 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் பார்த்து, "கான்ட்ராக்டரே, உமக்குத் தனியாச் சொல்லணுமா?" என்றார். கூடத்தில் பாய் போட்டிருந்தது. மேடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாழையிலையில் அக்காரவடிசிலை வாங்கி, புறங்கையில் நெய் வழிய வழியச் சாப்பிட்டார். ஆபீஸரும் நானும் ரெண்டாம் தடவை வாங்கினோம். நான் மூன்றாம் தடவையும் வாங்கினேன். எனக்கு அதில் வெட்கம் கிடையாது.

மேடம் இப்போது வேறு ஊரில் பெரிய பதவியில் இருக்கிறார். அங்கேயும் மீட்டர்தான். எப்போதாவது போன் செய்வார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், இப்போதெல்லாம் நானும் பாலத்தில் இருப்பதாகச் சொல்வதில்லை, கடையில் இருந்தால் கடை என்றே சொல்கிறேன். அந்தத் தெரு மீட்டர்களுக்கு இப்போது காகிதத்தில் அச்சடித்த பெருமாள். அமெரிக்கா மகன் காலையில் மோட்டார் ஓடியதை அங்கேயே பார்த்துவிடுகிறானாம். பார்த்ததும் போன் செய்து, "என்னம்மா, இன்னிக்குச் சீக்கிரம் எழுந்துட்டே" என்று கேட்கிறானாம். மாமி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

ஆனால் மேடம் என்றதும் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைவிட அதற்கு மறுநாள் சாயங்காலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மீட்டருக்குச் சம்மதக் கையெழுத்துப் போடத் தயங்கிய அடுத்த தெருக்காரர்களைத் தம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் மாமா. மேடத்தையும் கூப்பிட்டிருந்தார். "நீங்க பேச வேண்டாம். உக்காந்தா போதும்" என்று சொல்லிவிட்டார். கூடம் நிறைய ஆட்கள். மாமா புது மீட்டரின் அருமை பெருமைகளைச் சொன்னார். என் வேலையின் சுத்தத்தையும் சொன்னார், அதைச் சொல்லாமல் விட முடியாதே. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். "அதெல்லாம் சரி சுவாமி. நாளைக்கு இந்த மெஷின் நம்மளைத் திருடன்னு சொல்லிடுத்துன்னா?"

எல்லோரும் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் வாயைத் திறக்கப் போனார். மாமா கையை உயர்த்தினார்.

"சொன்னாலும் சொல்லும். சொல்லித்துன்னா, இந்தப் பொண்ணு வந்து நம்ம வாசல்ல நிப்பா. போய்க் கையெழுத்துப் போடுங்கோ."